மேனேஜர் இல்லாத வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பினால் வேலை போகுமா? சட்டம் என்ன சொல்கிறது?

எந்த ஆபீஸை எடுத்துக்கொண்டாலும் இரண்டு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். ஒன்றில் மேனேஜர் இருப்பார். அதில் காலை வணக்கமும் டார்கெட்டும் வரும். இன்னொன்றில் மேனேஜர் இருக்க மாட்டார். அதில் மனசில் இருப்பது எல்லாம் வரும். இந்த இரண்டாவது குரூப்பில் போட்ட ஒரு வரி, ஸ்கிரீன்ஷாட்டாகி மேனேஜர் கைக்குப் போகும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

தஞ்சாவூர் மினி டைடல் பார்க்கில் வேலை பார்க்கும் ஐடி ஊழியர், கும்பகோணத்தில் ஜவுளிக்கடை சேல்ஸ் கேர்ள், திருவாரூரில் அரசு அலுவலக உதவியாளர், ஒரத்தநாடு பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பணியாளர். நாலு பேரும் ஒரே மாதிரி ஒரு ஸ்டேட்டஸ் போட்டால் நாலு பேருக்கும் ஒரே மாதிரி விளைவுதானே வரும் என்று தோன்றலாம். வராது. என்ன போட்டீர்கள் என்பதைவிட, உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார், நீங்கள் போட்டதை யாரெல்லாம் பார்க்க முடிந்தது என்ற இரண்டும்தான் பெரும்பாலும் வழக்கைத் தீர்மானிக்கின்றன.

டீக்கடையில் பேசினால் சரி, குரூப்பில் பேசினால் தப்பா?

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்ட தீர்ப்பு 2023 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலிருந்து வந்தது. தமிழ்நாடு கிராம வங்கியின் தூத்துக்குடி மாவட்டக் கிளை ஒன்றில் வேலை பார்த்த அலுவலக உதவியாளர் ஒருவர், தொழிற்சங்கத்திலும் தீவிரமாக இருந்தவர். சக ஊழியர்கள் இருந்த ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் நிர்வாகத்தையும் மேலதிகாரிகளையும் கிண்டலடித்துப் பதிவு போட்டார். வங்கி அவருக்குக் குற்றச்சாட்டு குறிப்பாணை, அதாவது சார்ஜ் மெமோ கொடுத்தது. அதை ரத்து செய்யச் சொல்லி அவர் கோர்ட்டுக்குப் போனார்.

நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்த மெமோவை ரத்து செய்தார். அவர் வைத்த வாதம் ரொம்ப எளிமையானது. இதே ஊழியர்கள் வெளியே டீக்கடையில் நின்று இதையே பேசியிருந்தால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க முடியுமா? முடியாது. அப்படியென்றால், உறுப்பினர்கள் மட்டும் பார்க்கக்கூடிய ஒரு குரூப்பில் அதே பேச்சு நடந்தது என்பதற்காக மட்டும் அது எப்படிக் குற்றமாகும்? ஒரு நிறுவனத்தில் இருப்பவருக்கு ஏதாவது ஒரு மனக்குறை இருக்கத்தான் செய்யும், அதைக் கொட்டித் தீர்ப்பது இயல்பு, நிறுவனத்துக்கும் அது நல்லது என்று நீதிமன்றம் சொன்னது. புலம்பும் உரிமை என்று செய்திகளில் பரவியது இதுதான்.

ஆனால் பரவாத பகுதியும் ஒன்று இருக்கிறது. நிறுவனத்தின் பெயருக்குப் பாதிப்பு வந்தால் நிர்வாகம் தலையிடலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. பேசிய விஷயமும் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மூடிய குரூப் என்பதற்காகச் சட்டவிரோதமான படத்தையோ வீடியோவையோ பகிர்ந்துவிட்டு தப்பிக்க முடியாது.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது, பக்கத்திலிருக்கும் திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னைக்குப் போகின்றன. இரண்டும் ஒரே உயர் நீதிமன்றம்தான் என்பதால் இந்தத் தீர்ப்பை எங்கேயும் எடுத்துக்காட்டலாம்.

அப்போ எல்லோருக்கும் புலம்பும் உரிமை உண்டா?

இங்கதான் ட்விஸ்ட். கிராம வங்கி என்பது அரசுத் துறை வங்கி. அதனால்தான் அந்த ஊழியர் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடிந்தது. அரசியலமைப்பின் 19-வது பிரிவு தரும் பேச்சுரிமை அடிப்படையில் அரசுக்கு எதிரான பாதுகாப்பு. அரசு ஊழியருக்கும் அது உண்டு என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. திரிபுராவில் மீன்வளத் துறை ஊழியர் ஒருவர் ஓய்வு பெறச் சில நாட்களே இருந்தபோது, ஓர் அரசியல் கூட்டத்துக்குப் போனதற்கும் ஃபேஸ்புக் பதிவுக்கும் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். 2020 ஜனவரியில் அந்த மாநில உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரசு ஊழியர் என்பதால் பேச்சுரிமை போய்விடாது, நடத்தை விதிகளின் வரம்புக்குள் அது இருக்கிறது என்றது.

அந்த 'நடத்தை விதிகளின் வரம்பு' சாதாரணமானது இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973-ம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன. அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பது, அலுவலகத் தகவலை அனுமதியில்லாமல் வெளியிடுவது எல்லாம் இதில் சிக்கும். செல்போனே இல்லாத காலத்தில் எழுதிய விதிதான், ஆனால் ஃபேஸ்புக்குக்கும் அப்படியே பொருத்துகிறார்கள். மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கும் விலக்கு கிடையாது. கேரளாவில் ஐஏஎஸ் அதிகாரி என்.பிரசாந்த், மூத்த அதிகாரி ஒருவரை ஃபேஸ்புக்கில் விமர்சித்ததற்காக 2024 நவம்பரில் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அவர் போட்டது மூடிய குரூப்பில் அல்ல, ஊரே பார்க்கும் இடத்தில்.

தனியார் நிறுவன ஊழியர் நிலைமை வேறு. கம்பெனி கொடுத்த மெமோவை எதிர்த்து நேராக ரிட் மனு போடுவது பெரும்பாலும் எடுபடாது. பேச்சுரிமையைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மையினர் சொன்னார்கள். சொன்னார்களே தவிர, வேலை போன ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு மறுநாள் ஆபீஸுக்குத் திரும்பலாம் என்கிற நிலை இன்னும் வரவில்லை.

மதுரைத் தீர்ப்பு வந்த அதே 2023-ல், டிசம்பர் மாதம், பாம்பே உயர் நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது. ஹிட்டாச்சி அஸ்டெமோ என்ற வாகன உதிரிபாக நிறுவனம். சம்பள ஒப்பந்தப் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தொழிலாளி நிர்வாகத்துக்கு எதிராக ஃபேஸ்புக்கில் பதிவு போட்டார். புனே தொழிலாளர் நீதிமன்றம் தொழிலாளிக்குச் சாதகமாகச் சொன்னதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வெறுப்பைத் தூண்டும் பதிவுகளை ஆரம்பத்திலேயே தடுக்க வேண்டும், அசம்பாவிதம் நடக்கும் வரை நிர்வாகம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் பார்வை.

இரண்டு தீர்ப்பும் ஒன்றோடொன்று மோதுகிற மாதிரி தெரியும். உற்றுப் பார்த்தால் அவ்வளவு மோதல் இல்லை. முதலாவது மூடிய குரூப், கிண்டல், அரசுத் துறை வங்கி. இரண்டாவது பொதுப் பதிவு, தூண்டிவிடுகிற தொனி, தனியார் தொழிற்சாலை. என் பார்வையில், பாம்பே தீர்ப்பு நிர்வாகத்துக்குக் கொஞ்சம் தாராளமாகவே இடம் கொடுத்துவிட்டது. சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போது தொழிலாளி காரமாகப் பேசுவது புதுசா என்ன? கேட் மீட்டிங்கில் மைக் பிடித்துப் பேசுவதையெல்லாம் இந்த நாடு பல பத்தாண்டுகளாகப் பார்த்திருக்கிறது.

ஜவுளிக்கடை ஊழியருக்கு என்ன பாதுகாப்பு?

"நாளையிலிருந்து வர வேண்டாம்." தஞ்சாவூர் கடைத்தெருவில் வேலை போவது பெரும்பாலும் இந்த ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. ஸ்டேட்டஸ் பிரச்சினையாக இருந்தாலும் சரி, லீவு பிரச்சினையாக இருந்தாலும் சரி.

ஆனால் சட்டப்படி அப்படி முடியாது. 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 41-வது பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமல் நிறுத்தக் கூடாது. 'ஒழுங்கீனம்' என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமானால், அதற்கென்று விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்து, குற்றம் நிரூபணமாகியிருக்க வேண்டும். இதை மீறினால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். காலக்கெடு குறைவு, அதனால் தள்ளிப்போடக் கூடாது.

இந்தச் சட்டம் கடைகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வணிக நிறுவனங்களும் இதில் வரும், ஐடி அலுவலகங்கள் உட்பட. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் பொருந்தாது. கார்டில் 'மேனேஜர்' என்று போட்டிருந்தால் மட்டும் நிர்வாகப் பொறுப்பு ஆகிவிடாது, உண்மையில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

தொழிற்சாலைகளுக்கு நிலையாணைகள் தனி. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி 300 தொழிலாளர்களும் அதற்கு மேலும் இருக்கும் இடங்களுக்கு அவை கட்டாயம். எது ஒழுங்கீனம் என்ற பட்டியல் அதில் இருக்கும். இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கு சுவாரசியமானது. 1980-களில் கிளாக்ஸோ நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆலை வளாகத்திலோ அதன் அருகிலோ நடந்தால்தான் நிலையாணைப்படி அது ஒழுங்கீனம், தொழிலாளி வெளியே எங்கு போனாலும் முதலாளியின் கண்காணிப்பு பின்தொடர முடியாது என்றது. சரி, ராத்திரி பதினொரு மணிக்கு வல்லத்தில் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து போட்ட இன்ஸ்டா ஸ்டோரி ஆலைக்கு அருகிலா, தூரத்திலா? வக்கீல்கள் இதைவைத்து நிறைய வாதாடலாம்.

நனைந்த நெல் மூட்டையை வீடியோ எடுத்தால்?

இந்த மண்ணுக்கு மிக நெருக்கமான கேள்வி இது. 2025 அக்டோபரில் குறுவை அறுவடை நேரத்து மழையில் நெல் நனைந்து முளைவிட்ட படங்கள் தஞ்சாவூர், திருவாரூர் பக்கமிருந்து போன் போனாகப் பரவின. 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்டு அரசு மத்தியக் குழுவை வரவழைக்கும் அளவுக்கு விஷயம் பெரிதானது. விவசாயி தன் நெல்லை வீடியோ எடுத்துப் போட்டால் யாரும் அவருக்கு மெமோ கொடுக்க முடியாது. அவர் யாருக்கும் ஊழியர் இல்லை.

அதே வீடியோவை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் பட்டியல் எழுத்தரோ, காவலரோ எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். தார்ப்பாய் போதவில்லை, லாரி வரவில்லை, மூட்டைகள் வெட்டவெளியில் கிடக்கின்றன. அவ்வளவுதான் வீடியோவில் இருக்கிறது. நிலையத்தை நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். அது அரசு நிறுவனம் என்பதால், மெமோ வந்தால் உயர் நீதிமன்றம் போகும் வழி திறந்திருக்கிறது. உண்மையைச் சொன்னேன், பொதுநலனுக்காகச் சொன்னேன் என்று வாதாடலாம்.

ஆனால் பருவகாலப் பணியாளரின் பயம் மெமோ இல்லை. மெமோ வந்தாலாவது கையில் ஒரு காகிதம் இருக்கும், அதை எதிர்த்து வழக்குப் போடலாம். அடுத்த சீசனுக்குக் கூப்பிடாமல் விட்டால்? அங்கே விசாரணையும் இல்லை, உத்தரவும் இல்லை, எதிர்த்துப் போக எதுவும் இல்லை. மூட்டைக்குக் காசு கேட்கிறார்கள் என்று விவசாயிகள் வருஷா வருஷம் புகார் சொல்கிறார்கள். அதை உள்ளே இருக்கிற ஒருவர் ஆதாரத்தோடு சொன்னால் அதன் மதிப்பே வேறு. அப்படிச் சொல்பவரைக் காப்பாற்ற 2014-ல் நாடாளுமன்றம் தகவல் தெரிவிப்போர் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் காகிதத்திலேயே கிடக்கிறது. சமூக ஊடகச் சட்டப் பிரச்சினை என்றதும் எல்லோரும் மீம்ஸையும் ரீல்ஸையும் பேசுகிறோம். உண்மையில் கவலைப்பட வேண்டியது இந்த ஓட்டையைப் பற்றித்தான்.

இப்போதைக்கு, ஊழல் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் ஸ்டேட்டஸ் வைப்பதைவிட லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுத்துவிட்டு நகலை வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பரபரப்பு கிடைக்காது. பின்னால் பழிவாங்கல் என்று வாதாட வேண்டி வந்தால் அந்தத் தேதி போட்ட நகல்தான் உதவும்.

"நான் எழுதல, ஃபார்வர்டு மட்டும்தான் பண்ணேன்"

இந்தப் பதில் செல்லாது. நடிகர் எஸ்.வி.சேகர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்கள் பற்றிய ஒரு பதிவைப் பகிர்ந்தார். சரியாகப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். 2023-ல் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்ய மறுத்தன. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பகிர்ந்தவரும் பொறுப்பு என்பதுதான் இதன் சாரம்.

முதலாளியைப் பற்றியோ சக ஊழியரைப் பற்றியோ பொய்யாகப் போட்டால் அது வேலைப் பிரச்சினையோடு நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் அவதூறு வழக்கு வரலாம். இரண்டு ஆண்டு வரை சிறை. உண்மையாகவும் பொதுநன்மைக்காகவும் இருந்தால் விலக்கு உண்டு. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. குரூப் அட்மினுக்கு மட்டும் ஓரளவு நிம்மதி: மற்றவர் போட்டதற்கு அட்மினைத் தானாகக் குற்றவாளியாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021-லும் கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லிவிட்டன.

முதலாளிக்கும் தலைவலி இருக்கிறது

சின்ன நிறுவனம் நடத்துபவர்கள் இதை ஊழியர் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். உண்மையில் சட்டம் முதலாளியையும்தான் பிடிக்கும்.

ஒரு உதாரணம். லேபில் வேலை பார்க்கும் பெண் ரீல்ஸ் எடுக்கிறார், பின்னால் கம்ப்யூட்டர் திரையில் நோயாளியின் பெயரும் ரிப்போர்ட்டும் தெரிகிறது. நகைக்கடனுக்கு வந்த வாடிக்கையாளரின் விவரம் ஸ்டாஃப் குரூப்பிலிருந்து வெளியே போகிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைப் பாதுகாக்கத் தவறினால் பொறுப்பு நிறுவனத்துக்குத்தான், அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில், அதாவது 2027-ல் அமலாகும். 'பையன் தெரியாம போட்டுட்டான்' என்ற சமாதானம் அப்போது எடுபடாது.

அடுத்தது பெண் ஊழியர்களுக்கு ராத்திரி வரும் மெசேஜ். 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அலுவலகச் சுவருக்குள் மட்டும் நிற்பது இல்லை. வேலை சம்பந்தப்பட்ட குரூப்பில் வரும் ஆபாச ஜோக்கும் புகாராகலாம். பத்துப் பேரும் அதற்கு மேலும் இருக்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். டெல்டா ஊர்களில் எத்தனை ஷோரூம்களில் அந்தக் குழுவின் பெயர்ப் பலகை தொங்குகிறது என்று நீங்களே ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

ஊழியரின் போனை வாங்கிப் பார்ப்பது, பாஸ்வேர்டு கேட்பது, போலி ஐடியில் அவர்கள் குரூப்பில் நுழைவது எல்லாம் அந்தரங்க உரிமையில் கைவைப்பது. கம்பெனி கொடுத்த லேப்டாப், கம்பெனி மெயில் என்றால் கண்காணிக்க இடமுண்டு, ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ருமேனியாவில் ஆபீஸ் கணக்கில் சொந்த மெசேஜ் அனுப்பிய ஊழியர் ஒருவரின் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2017-ல் நிறுவனத்தின் செய்கையைக் கேள்விக்குள்ளாக்கியது இந்த இடத்தில்தான். கண்காணிப்பு எந்த அளவுக்குப் போகும் என்று அவருக்கு முன்னாலேயே சொல்லவில்லை. நம் ஊரில் இரண்டு பக்கத்தில், தமிழில், எது கூடும் எது கூடாது என்று எழுதி கையெழுத்து வாங்கியிருக்கும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். அந்த இரண்டு பக்கம் இல்லாமல் ஒருவரை அனுப்பினால், விசாரணையில் 'இது தப்பு என்று எங்கே சொன்னீர்கள்?' என்ற முதல் கேள்விக்கே முதலாளி தடுமாறுவார்.

மெமோ வந்துவிட்டால்…

முதலில் பதிவை அழிக்காதீர்கள். அழித்தாலும் ஸ்கிரீன்ஷாட் இருக்கும், அழித்தது மட்டும் உங்களுக்கு எதிராக நிற்கும். பதிவை வெளியே தெரியாமல் மறைத்து வைக்கலாம். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் வெட்டி எடுத்த ஒரு துண்டுதான். முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பதில் அர்த்தமே மாறலாம்.

மெமோவில் கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். எந்த விதியை மீறினேன், அதன் நகல் எங்கே, ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்தது யார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உள்விசாரணையில் சாட்சியச் சட்டம் வரிக்கு வரி பொருந்தாது. ஆனால் ஆதாரத்தைக் காட்டாமல், உங்கள் தரப்பைக் கேட்காமல் முடித்தால் அந்த விசாரணை நிற்காது. அதே ஸ்கிரீன்ஷாட் கோர்ட்டுக்குப் போனால், பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழும் வேண்டும்.

வெற்றுத்தாளிலும், 'நானே விருப்பப்பட்டு விலகுகிறேன்' என்ற கடிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்து 41-வது பிரிவின் பாதுகாப்பைக் காலி செய்துவிடும். விசாரணை முடியும் வரை சஸ்பெண்ட் செய்து வைத்தால் சும்மா வைக்க முடியாது: 1981-ம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் தர வேண்டும், விசாரணை இழுத்தால் அது கூடும். அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. கேளுங்கள்.